விலங்கு வடிவக் குக்கிகளில் ராயல் ஐசிங்: பதமும் வரிசையும்

பூ, நட்சத்திரம், வட்டம் மாதிரியான குக்கிகளுக்கு ராயல் ஐசிங்கை, அதாவது சர்க்கரைப் பொடியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அடித்த, காய்ந்தால் கெட்டியாகும் பூச்சை, ஒரே நிறத்தில் ஒரே தடவையில் ஊற்றிவிட்டால் வேலை முடிந்துவிடும். விலங்கு உருவத்துக்கு அது சரிவராது. காது தலைக்கு மேலே இருக்கிறது, தலை கழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அந்தப் பக்கத்துக் கால் வயிற்றுக்குப் பின்னால் மறைகிறது. எல்லாவற்றையும் ஒரே ஈரத்தில் ஊற்றினால் ஒன்றோடொன்று கலந்து, எது கால் எது வயிறு என்றே தெரியாத தட்டையான ஒரு படலம்தான் கிடைக்கும். படம் வரையத் தெரியாதவர்கள்கூட இந்த வேலையை அருமையாகச் செய்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது இரண்டே விஷயங்கள்: ஐசிங்கின் பதம், பகுதிகளை ஊற்றும் வரிசை. இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

அடியில் இருக்கும் குக்கி

ஐசிங் நன்றாக வர வேண்டுமென்றால் குக்கி விளிம்பு கலையாமல், மேல்பக்கம் சமமாக இருக்க வேண்டும். 225 கிராம் வெண்ணெய், 200 கிராம் பொடித்த சர்க்கரை, 1 முட்டை, 420 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் வெனிலா. பேக்கிங் பவுடர் வேண்டாம். அது சேர்ந்தால் மாவு அடுப்பில் உப்பிப் பரவும். நரியின் கூரிய காது மழுங்கிவிடும், நாலு கால்களும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒன்றுசேரும் வரை கலந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் உள்ளே காற்று புகுந்து, அதுவும் பரவலுக்கே வழிவகுக்கும்.

மாவை 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளைத் தட்டோடு 20 முதல் 30 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, அந்தக் குளிர்ச்சியோடே 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் 11 முதல் 13 நிமிடம் வேகவிடுங்கள். வால், கொம்பு, மெல்லிய கால் உள்ள வடிவங்களைத் தனித் தட்டில் வைப்பது நல்லது. யானையின் வயிறு வேகும் நேரத்தில் குரங்கின் வால் கருகிவிடும். மெல்லிய பகுதிகள் எல்லாம் தட்டின் நடுவைப் பார்த்திருக்கும்படி அடுக்கினால் கருகல் குறையும். ஓவனிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள், சூடு இருக்கும்போதே, தட்டையான ஏதாவது ஒன்றால் மேல்பக்கத்தை மெல்ல அழுத்திச் சமப்படுத்துங்கள்.

ஆறியதும் உடனே ஐசிங் போட்டுவிடாதீர்கள். புதிதாகச் சுட்ட குக்கியில் வெண்ணெய் மேலே ஊறி வந்துகொண்டே இருக்கும்; அது ஐசிங்குக்குள் ஏறி மறுநாள் எண்ணெய்த் திட்டுகளாகத் தெரியும். பேப்பர் டவல் விரித்து அதன்மேல் ஓர் இரவு வைத்துவிட்டால் அதிகப்படியான கொழுப்பைத் தாள் இழுத்துக்கொள்ளும். விளிம்பில் பிசிறு இருந்தால் எலுமிச்சைத் தோல் துருவும் சிறு துருவியால் லேசாகத் தேய்த்துவிட்டு, தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஐசிங் பிழியும் பையின் நாசிலில் (குழல் முனையில்) ஒரு துகள் சிக்கினாலும் கோடு கோணும்.

ஐசிங் அடிப்பது

450 கிராம் ஐசிங் சுகர், 3 டேபிள்ஸ்பூன் மெரிங்கு பவுடர் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருப் பொடி), 75 முதல் 90 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர். இந்த அளவு, உள்ளங்கை அகலமுள்ள சுமார் 20 குக்கிகளுக்கு வரும். சர்க்கரையை இருமுறை சலியுங்கள். முதலில் மெரிங்கு பவுடரைத் தண்ணீரில் கரைத்து, நுரை தட்டியதும் சர்க்கரையைச் சேர்த்து, மிக்சரின் குறைந்த வேகத்தில் 7 முதல் 10 நிமிடம் அடியுங்கள். பளபளப்பு மங்கி, துடுப்பைத் தூக்கினால் நுனி வளையாமல் நின்றால் சரி. கம்பி விஸ்க்கைவிடத் தட்டைத் துடுப்புதான் இதற்கு உகந்தது. விஸ்க் காற்றை அதிகம் ஏற்றிவிடும். அப்படி அடித்த ஐசிங் காய்ந்தபின் உள்ளே பொறுபொறுவென்று ஓட்டை ஓட்டையாக இருக்கும், தொட்டால் நொறுங்கும்.

மெரிங்கு பவுடருக்குப் பதில் முட்டை வெள்ளைக்கருவில் செய்வதானால் இதே சர்க்கரைக்குச் சுமார் 70 கிராம் வெள்ளைக்கரு, கால் டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் (புளிப்புள்ள ஒரு வெள்ளைப் பொடி). இந்த ஐசிங் வேகாமலேயே உண்ணப்படுகிறது என்பதால் பாஸ்டரைஸ் செய்த (கிருமி போகச் சூடுபடுத்திய) வெள்ளைக்கருவையே எடுங்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் சாப்பிடப்போகும் குக்கி என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

ராயல் ஐசிங்குக்குப் பரம எதிரி கொழுப்பு. பாத்திரத்தில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் புரதம் நுரை கட்டாது. எவ்வளவு அடித்தாலும் நீர்த்தே நிற்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் எண்ணெய்ப்பசை முழுதாகப் போகாது, ஆகவே எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் எடுத்து, வினிகர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். எசென்ஸும் நிறமும் எண்ணெயில் கரைத்தவையாக இருக்கக்கூடாது. சாக்லேட்டுக்கென்று விற்கும் நிறங்கள் பெரும்பாலும் அந்த வகை, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

கடித்தால் பல் கூசும் அளவு கெட்டியாக வேண்டாம் என்றால் 1 டீஸ்பூன் லிக்விட் குளுக்கோஸ் சேர்க்கலாம். கொஞ்சம் மினுமினுப்பும் கூடும். அதற்கு மேல் போனால் காயவே காயாது.

அடித்த ஐசிங் திறந்திருந்தால் சில நிமிடங்களிலேயே ஏடு கட்டிவிடும். ஈரத்துணியைப் பிழிந்து பாத்திரத்தின்மேல் போட்டுவையுங்கள். ஏடு கட்டிய ஓரத்தைக் கிண்டி உள்ளே கலந்துவிட்டால் அது கரையாமல் சிறு கட்டிகளாக நின்று நாசிலை அடைக்கும். ஒதுக்கி எறிந்துவிடுவதுதான் நல்லது.

பதம் பார்க்கும் முறை

கத்தி நுனியால் ஐசிங்கின் மேல் ஒரு கோடு கிழித்து, அது மறைந்து பரப்பு சமமாகும் வரை நொடிகளை எண்ணுங்கள். விலங்குக் குக்கிகளுக்கு நாலு பதங்கள் தேவைப்படும்.

கோடே மறையாமல், நுனி நிமிர்ந்து நிற்பது கெட்டிப் பதம்; பிடரி, ரோமம், வாலின் குஞ்சம் ஆகியவற்றுக்கு. பற்பசைபோல் வெளியே வந்து, நுனி லேசாக மடங்குவது கோட்டுப் பதம். வெளிக்கோடு, மீசை, வாய், நகம் எல்லாம் இதில்தான். 15 முதல் 20 நொடியில் கோடு மறைவது இடைப் பதம். 8 முதல் 12 நொடியில் மறைவது வழியும் பதம்; வயிறு, முதுகு மாதிரியான அகலப் பரப்புகளை நிரப்ப.

இவற்றில் விலங்கு வேலைக்கு உயிர்நாடி இடைப் பதம்தான். காது, மூக்கு, தும்பிக்கை, பாதம் என்று குறுகலான இடங்கள் ஏராளம். வழியும் பதத்தை அங்கே ஊற்றினால் காயும்போது நடுவில் குழி விழும். மேலே ஏடு கட்டும் முன் உள்ளிருக்கும் நீரும் காற்றும் வெளியேற, தாங்க ஆளில்லாமல் பரப்பு உள்ளே அமுங்கிவிடுகிறது. இடைப் பதத்தில் நீர் குறைவு, அதனால் உயரமும் தாங்கும். வெளிக்கோட்டுக்கென்று தனிப் பதம் கலக்காமல் இடைப் பதத்திலேயே கோட்டையும் போட்டு உள்ளையும் நிரப்பிவிடலாம் என்பது இன்னொரு வசதி. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பதம் கரைத்துப் பை பையாக அடுக்குவதைவிட, முழு வேலையையும் 15 நொடிப் பதத்தில் செய்து பழகுவதே மேல்.

நீர் சேர்க்கும்போது 200 கிராம் ஐசிங்குக்கு அரை டீஸ்பூனாகத் தொடங்குங்கள். 20 நொடியை நெருங்கியபின் ஸ்பிரே பாட்டிலால் ஒரு தெளிப்பு, கலக்கு, எண்ணு என்று போங்கள். அந்தக் கட்டத்தில் கால் டீஸ்பூன் தண்ணீரே 18 நொடியை 10 ஆக்கிவிடும். நீர்த்துவிட்டால் கெட்டி ஐசிங்கைச் சேர்த்து மீட்கலாம். வெறும் சர்க்கரைப் பொடியைக் கொட்டினால் கட்டி தட்டும், காய்ந்தபின் வலுவும் இருக்காது. கலக்கும்போது கரண்டியை அடியோடு ஒட்டிச் சுற்றுங்கள். தூக்கித் தூக்கி அடித்தால் குமிழி வரும். கலந்தபின் மூடி 20 நிமிடம் வைத்தால் இருக்கும் குமிழிகளும் மேலே வந்துவிடும், ஊசியால் உடைத்துவிட்டுப் பையில் நிரப்புங்கள்.

பையில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். நாசில் என்றால் 1.5, 2, 3 எண்கள் போதும். நாசில் இல்லாத மெல்லிய பையின் நுனியைக் கத்தரியால் வெட்டிக்கொள்வதும் அதே அளவு நன்றாக வரும். முதலில் மிகச் சிறிதாக வெட்டி, ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். கோணலாக வெட்டினால் ஐசிங் ஒருபக்கமாகச் சுருண்டு வரும்.

நிறம்

ஜெல் நிறம் மட்டும். நீர்மநிறம் பதத்தைக் கெடுக்கும். டூத்பிக் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேருங்கள். கறுப்பு, சிவப்பு, கரும்பழுப்பு ஆகியவை கலந்தவுடன் வெளிறித் தெரிந்தாலும் சில மணி நேரத்தில் தானாக அடர்ந்துவிடும். ஆகவே கலந்து மூடி ஓர் இரவு வைத்துவிட்டு, மறுநாள் நிறத்தைப் பார்த்து முடிவெடுங்கள். அவசரப்பட்டு ஜெல்லைக் கொட்டினால் கசக்கும், காயாது, பக்கத்து நிறத்துக்குள் கசியும். கறுப்பு வேண்டுமானால் வெள்ளையிலிருந்து தொடங்காமல் ஏற்கெனவே பழுப்பாக இருக்கும் ஐசிங்கில் தொடங்குங்கள், ஜெல் பாதிதான் பிடிக்கும்.

சாம்பல் நிறம் சற்று ஏமாற்றும். கறுப்பு ஜெல்லைத் துளி சேர்த்துச் சாம்பல் ஆக்கினால், காய்ந்தபின் பல பிராண்டுகளில் ஊதாச் சாயல் அடிக்கும். கறுப்பு ஜெல் பெரும்பாலும் பல நிறங்களின் கலவை என்பதால், நீர்க்கும்போது அவற்றில் ஒன்று தலைதூக்குகிறது. துளி மஞ்சளோ பழுப்போ சேர்த்தால் ஊதா அடங்கும். யானைக்கும் எலிக்கும் கோலாவுக்கும் சாம்பல் கலக்கும்போது ஒரு சொட்டு தாளில் தடவிக் காயவைத்துப் பார்த்துவிடுங்கள். வெளிர் நிறங்களில் கொஞ்சம் வெள்ளை ஜெல் சேர்த்தால் காய்ந்தபின் குக்கியின் பழுப்பு ஊடுருவித் தெரியாது.

வரிசை: யானையை வைத்துப் பார்ப்போம்

விதி எளிது. நம் கண்ணுக்கு எது தூரத்தில் இருக்கிறதோ அது முதலில், எது மிக அருகில் இருக்கிறதோ அது கடைசியில். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் இரண்டும் ஒரே நேரத்தில் ஈரமாக இருக்கக்கூடாது. ஒன்று ஏடு கட்டியபின் அடுத்ததை ஊற்றினால் இரண்டுக்கும் இடையே ஒரு பள்ளக்கோடு தானாக விழும். அந்தக் கோடுதான் உடலமைப்பைக் காட்டுகிறது. தனியாகக் கறுப்புக் கோடு போட வேண்டிய தேவையே இருக்காது.

பக்கவாட்டில் நிற்கும் யானையை எடுத்துக்கொள்வோம். உண்ணத்தக்க மார்க்கரால் குக்கியின்மேல் காதின் வளைவு, கால்களின் பிரிவு, தும்பிக்கை தொடங்கும் இடம், கண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கைவராவிட்டால் வெட்டு அச்சைத் தாளில் வைத்து வரைந்து, அதற்குள் படத்தைப் போட்டு, பகுதி பகுதியாக வெட்டிக் குக்கியின்மேல் வைத்து ஓரத்தைத் தடம் எடுக்கலாம்.

முதலில் அந்தப் பக்கத்து இரண்டு கால்கள். உடலுக்குக் கலந்த சாம்பலில் ஒரு துளி கறுப்பு கூடுதலாகச் சேர்த்து, 15 நொடிப் பதத்தில் நிரப்புங்கள். நிழலில் இருப்பதுபோல் தெரிந்து, கால்கள் பின்னுக்குப் போய்விடும். மின்விசிறியின் முன் 20 முதல் 30 நிமிடம். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் தடம் விழாத அளவு ஏடு கட்டியிருக்க வேண்டும்.

அடுத்து உடலும் இந்தப் பக்கத்துக் கால்களும். வெளிக்கோட்டைப் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே 10 முதல் 12 நொடிப் பதத்தை உள்ளே விடுங்கள். விளிம்பு வரை நீங்களே ஊற்ற வேண்டியதில்லை. கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, ஊசியால் சிறு வட்டங்களாக இழுத்தால் மீதி தானாகப் போய்ச் சேரும். கால் நகம் வரும் மூலைகளுக்கு ஊசியால் தள்ளிவிடுங்கள். பின் குக்கியைத் தட்டில் வைத்து இடவலமாக மெல்ல ஆட்டினால் பரப்பு சமமாகி, மறைந்திருந்த குமிழிகள் மேலே வரும். வந்தவற்றை ஊசியால் உடைத்துவிடுங்கள். இதற்கெல்லாம் ஒன்றரை நிமிடம்தான் அவகாசம், அதற்குள் ஏடு கட்டத் தொடங்கும். கட்டத் தொடங்கியபின் ஊசி பட்டால் சுருக்கம் விழும், அது போகாது.

30 நிமிடம் கழித்துத் தலையும் தும்பிக்கையும். தலைக்கு வழியும் பதம் விட்டாலும் தும்பிக்கைக்கு 18 நொடிக்குக் குறையக்கூடாது, குறுகலான இடம் என்பதால் குழி விழும் ஆபத்து அதிகம். சின்ன உபாயம் ஒன்று உண்டு: தும்பிக்கை நெடுக, நடுவில் கெட்டி ஐசிங்கால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டு, அதன்மேல் நிரப்புங்கள். உள்ளே தாங்கு இருப்பதால் அமுங்காது.

காது கடைசி. தலை நன்றாக ஏடு கட்டியபின், முக்கால் மணி நேரம் கழித்து, 15 நொடிப் பதத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள், காது உப்பிக்கொண்டு நிற்க வேண்டும். ஆப்பிரிக்க யானை என்றால் காது தோள்வரை வந்து மூடும். ஆசிய யானைக்குச் சிறிய காது, தலையில் இரண்டு மேடுகள், முதுகு வளைந்து உயர்ந்திருக்கும். உருவத்தை இவ்வளவு கவனித்தால் போதும், பார்த்தவுடனே எந்த யானை என்று புரிந்துவிடும்.

பிறகு குறைந்தது 8 மணி நேரம் விட்டுவிடுங்கள். தும்பிக்கையின் மடிப்புக் கோடுகள், நகங்கள், தந்தம், வால் எல்லாம் முழுதாகக் காய்ந்த பரப்பின் மேல் கோட்டுப் பதத்தில். வாலைப் போடும்போது நுனியைக் குக்கியில் தொட்டுப் பிடித்து, பையை ஒரு சென்டிமீட்டர் உயரே தூக்கி, தொங்கும் இழையை வேண்டிய இடத்தில் இறக்குங்கள். குக்கியோடு உரசி இழுத்தால் கோடு நடுங்கும். அழுத்தத்தை நிறுத்தியபின்தான் பையை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நுனியில் வால் முளைக்கும்.

சிங்கம், கரடி, நாய் முகங்களுக்கும் இதே கணக்கு. முதலில் காது, பிறகு முகம், அதன்மேல் வாய்ப்பகுதியின் மேடு, அதன்மேல் மூக்கு. இங்கே காது முகத்துக்குப் பின்னால் போவதால் அது முதலில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வரியும் புள்ளியும்

தோலில் அழுந்திய மாதிரி தெரிய வேண்டிய குறிகளை ஈரத்தின்மேல் ஈரமாகவே விட வேண்டும். அடிநிறத்தை நிரப்பிய உடனே இரண்டாவது நிறத்தை விட்டால் இரண்டும் ஒரே மட்டத்தில் அமர்ந்துவிடும். இரண்டின் பதமும் ஒன்றாக இருக்க வேண்டும். புள்ளியின் ஐசிங் கெட்டியாக இருந்தால் மேடாக நிற்கும், நீர்த்திருந்தால் பரவிக் கலங்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே குக்கி. நாலு குக்கிக்கு அடிநிறம் ஊற்றிவிட்டுப் புள்ளி வைக்கத் திரும்பினால் முதலாவது ஏடு கட்டியிருக்கும்.

புலிக்கு ஆரஞ்சு அடி, முதுகுக்கோட்டிலிருந்து வயிற்றை நோக்கிக் கறுப்புக் கோடுகள். கோடு போட்டவுடன் ஊசியை அதன் முதுகுப்பக்க முனையில் இறக்கி, வயிற்றுப் பக்கம் இழுத்து வெளியே எடுங்கள். கோட்டின் முனை கூர்ந்துவிடும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் ஊசியைத் துடைக்காவிட்டால் ஆரஞ்சு முழுக்கக் கறுப்புச் சாயல் படியும்.

சிறுத்தைக்கு முதலில் அடிநிறத்தைவிட ஒரு படி அடர்ந்த பழுப்பில் ஒழுங்கற்ற திட்டுகள், அவற்றைச் சுற்றி விட்டு விட்டு இரண்டு மூன்று கறுப்புத் துணுக்குகள். வளையத்தை முழுதாக மூடிவிட்டால் பொத்தான் வைத்தது மாதிரி ஆகிவிடும். வளையத்துக்குள் சிறு கறுப்புப் புள்ளி வைத்தால் அது ஜாகுவார். வளையமே இல்லாமல் முழுக் கறுப்புப் புள்ளிகளாக வைத்தால் சிவிங்கிப்புலி.

ஒட்டகச்சிவிங்கியில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில். பழுப்புத் திட்டை ஈரத்தில் விட்டதும் அது வட்டமாகச் சுருண்டுகொள்ளும், ஆனால் அந்த விலங்கின் திட்டுகள் கோணல்மாணலான பலகோணங்கள். ஆகவே திட்டை விட்டவுடன் ஊசியால் நாலைந்து மூலைகளை வெளியே இழுத்துவிடுங்கள். திட்டுகளுக்கு இடையே வெளிர்க்கோடு ஒல்லியாக இருக்கட்டும். அடுத்தடுத்த திட்டுகள் தொட்டுக்கொள்ளக் கூடாது. கழுத்திலும் காலிலும் திட்டுகள் சிறுத்துக்கொண்டே போக வேண்டும்.

வரிக்குதிரைக்கு இந்த முறையைத் தவிர்த்துவிடுங்கள். வெள்ளைக்குள் கறுப்பு கசியும் வாய்ப்பு மிக அதிகம். வெள்ளை அடியை ஓர் இரவு முழுக்கக் காயவிட்டு, மறுநாள் கோட்டுப் பதக் கறுப்பில் வரி போடுங்கள். உடலில் மேலிருந்து கீழாகவும் காலில் குறுக்காகவும் போகும் வரிகள்தான் அதன் அடையாளம்.

கம்பளி, பிடரி, இறகு

ஆட்டின் கம்பளியை இடைப் பதத்தில், 3 எண் நாசிலால், உருண்டை உருண்டையாக வைக்கலாம். அடுத்தடுத்து வைத்தால் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். ஒன்று விட்டு ஒன்றாக வைத்து, 20 நிமிடம் காயவிட்டு, பின் இடைவெளிகளை நிரப்புங்கள். ஒவ்வொரு உருண்டையும் தனித்தனியே நிற்கும். முகமும் காலும் அதற்கு முன்பே காய்ந்திருக்க வேண்டும்.

சிங்கப் பிடரி கெட்டிப் பதத்தில். வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி உள்நோக்கி வரிசை வரிசையாக வாருங்கள். அழுத்தித் தொடங்கி, இழுக்கும்போதே அழுத்தத்தைக் குறைத்து எடுத்தால் ஒவ்வொரு மயிர்க்கற்றையும் நுனியில் மெலியும். இரண்டு மூன்று பழுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டால் அடர்த்தி கூடும். கரடிக்குக் காய்ந்த பரப்பில் கெட்டி ஐசிங்கை மெல்லிதாகத் தடவி, குட்டையான சொரசொரப்புப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுத்தால் ரோமம் எழும்பும்.

ஆந்தை, வாத்து இறகுகளுக்கு ஒரு வளைகோடு போட்டு, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த தட்டைப் பிரஷ்ஷால் கோட்டின் உள்விளிம்பிலிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டும். வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கி வரிசைகள் ஏறிக்கொண்டே போகும். பிரஷ்ஷில் ஈரம் மிஞ்சினால் அடியில் காய்ந்த ஐசிங்கே கரைந்துவிடும்.

கண்

குக்கி உயிரோடு பார்க்கிறதா, வெறுமனே நிறம் பூசியிருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கண்தான். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, இடைவெளி அதிகமாக வைத்தால் குட்டி விலங்காகத் தெரியும். மேலே, நெருக்கமாக வைத்தால் வளர்ந்த விலங்கு. கறுப்புப் புள்ளி ஈரமாக இருக்கும்போதே அதனுள் ஊசி நுனியால் ஒரு வெள்ளைப் பொட்டு வையுங்கள். இரண்டு கண்ணிலும் பொட்டு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்வை மாறுகண்ணாகிவிடும்.

நிறையக் குக்கிகள் செய்வதானால் கண்களைத் தனியே செய்துவைப்பது புத்திசாலித்தனம். வழவழப்பான பிளாஸ்டிக் தாளின்மேல் 15 நொடிப் பதத்தில் தேவைக்கு இருமடங்கு கண்களை வைத்து, ஓர் இரவு காயவிட்டு, தாளை மேசை விளிம்பில் வளைத்தால் கழன்று வரும். அளவு ஒத்த ஜோடிகளாகப் பொறுக்கி, ஒரு சொட்டு ஐசிங்கால் ஒட்டிவிடலாம். சரியில்லாத கண்ணைக் குக்கியிலிருந்து சுரண்ட வேண்டிய வேதனையும் இல்லை.

காயவைப்பது, கெட்டுப்போவது

ஊற்றிய முதல் ஒரு மணி நேரம் மின்விசிறிக் காற்று படட்டும். மேற்பரப்பு விரைவில் ஏடு கட்டினால் பளபளப்பு நிற்கும், குழியும் குறையும். பிறகு திறந்த தட்டில் 8 முதல் 12 மணி நேரம். மழைக்காலத்து ஈரக்காற்றில் இது ஒரு நாள்கூட ஆகும். டீஹைட்ரேட்டர் (உணவை உலர்த்தும் கருவி) இருந்தால் 35 டிகிரியில் அரை மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் குக்கிக்குள் வெண்ணெய் உருகி மேலே ஏறும். சூடான ஓவனுக்குள் வைப்பதும் அதே காரணத்தால் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெளியே எடுத்ததும் வியர்த்து, நிறம் ஒழுகும்.

நிறம் கசிந்தால் காரணம் நான்கில் ஒன்று: அடர்நிறத்தில் ஜெல் மிகுதி, ஐசிங் நீர்த்தது, அடிப்பரப்பு அரைகுறையாகக் காய்ந்தது, காற்றில் ஈரம். வெள்ளையை முதலில் போட்டு முழுக்கக் காயவிட்டு, அடர்நிறத்தைக் கடைசியில் கெட்டியாகப் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். காய்ந்தபின் பரப்பில் வெளிறிய திட்டுகள் தெரிந்தால் அதிகமாக அடித்துவிட்டீர்கள் அல்லது காய நெடுநேரம் பிடித்திருக்கிறது. எண்ணெய்த் திட்டு என்றால் குக்கியின் வெண்ணெய். சில சமயம் இரண்டு மூன்று நாளில் பரவிச் சமமாகிவிடும், அவசரப்பட்டு எறிய வேண்டாம். விரிசல் விட்டால், மேலே ஏடு கட்டி உள்ளே ஈரமாக இருந்த நேரத்தில் குக்கியைத் தூக்கியிருக்கிறீர்கள். அடியில் கைகொடுக்காமல் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் குக்கி லேசாக வளையும், ஐசிங் வளையாது.

குழி விழுந்த மூக்கையோ காதையோ காய்ந்தபின் அதே நிறத்து இடைப் பதத்தால் நிரப்பி, மேலே கொஞ்சம் உப்பவிட்டுக் காயவைத்தால் மறைந்துவிடும். தவறிப் போட்ட கோட்டை ஈரத்தில் துடைக்கப் போனால் இழுவிக்கொள்ளும். ஐந்து நிமிடம் விட்டு, அரைக்காய்ச்சலில் ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, ஈரப் பிரஷ்ஷால் ஒருமுறை மட்டும் ஒற்றுங்கள்.

முழுக்கக் காய்ந்த குக்கிகளை காற்றுப்புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு இடையே பட்டர் பேப்பர் போட்டு, அறை வெப்பநிலையில் இரண்டு வாரம்வரை வைக்கலாம். மேலே மேடாக உறுப்புகள் உள்ளவற்றை அடுக்காமல் ஒரே வரிசையாகப் பரப்பிவையுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து, மானின் கால், குரங்கின் வால் பெட்டியில் போகும்போது முறிவது வழக்கம். பெட்டிக்குள் குக்கி அசையாதபடி சுருட்டிய தாளை இடுக்கில் செருகிவிட்டால் பெரும்பாலும் முறியாது. அதையும் மீறி முறிந்தால், முறிந்த இரண்டு முகத்திலும் கெட்டிப் பத ஐசிங்கைத் தடவிச் சேர்த்து, குக்கியைக் கவிழ்த்து, பின்பக்கம் முறிவின் மேல் இன்னொரு பூச்சுக் கொடுத்து, மிருதுவான துணிமேல் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். முன்பக்கக் கோட்டின்மேல் ஒரு கழுத்துப்பட்டையோ இலையோ போட்டுவிட்டால் முறிந்த இடம் தெரியாது.